சீமைக் கருவேலும் அரவல்லிக் காடும்

தமிழ்நாட்டிலே நாம் சீமைக் கருவேல் என்று சொல்லும் முள்மரத்தைத் தில்லி வட்டாரத்து மக்கள் ‘விலாயதி கீகர்’ என்று வழங்குகின்றனர். கீகர் என்பது கருவேல். விலாயத் என்பது சீமை. தெற்கும் வடக்கும் ஒன்றையொன்று கேளாமலே ஒரு மரத்திற்கு ஒரே பெயரைச் சூட்டியிருக்கின்றன. இது நம் மண்ணின் மரமன்று, அயல்நாட்டிலிருந்து வந்தது என்ற செய்தி அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. அம்மரம் வடக்கே பரவிய வரலாற்றையும், அது மூடிய நிலத்தில் பழைய காட்டை மீட்கத் தொண்டர் சிலர் மேற்கொண்ட முயற்சியையும் இங்கே காண்போம்.

குஜராத்தில் தொடங்கி, இராஜஸ்தானத்தைக் குறுக்காகக் கடந்து, அரியானா வழியாகத் தில்லியில் வந்து முடிவது அரவல்லி மலைத்தொடர். உலகத்தின் மிகப் பழைய மலைகளுள் அஃது ஒன்று. காலம் தேய்த்துத் தேய்த்து, தில்லிக்கு வரும்போது அது வெறும் பாறை மேடாகக் குறுகிவிடுகிறது. கரோல்பாக்கிலிருந்து தௌலா குவான் செல்லும் சாலையில் பயணம் செய்யும் தமிழன்பர்கள் இருமருங்கிலும் காணும் காடு அம்மேட்டின்மீது நிற்பதே. ஆயின் அக்காட்டிலுள்ள மரங்களுட் பெரும்பாலானவை அரவல்லிக்கு உரியவை அல்ல, சீமைக் கருவேலே.

சீமைக் கருவேலின் தாயகம் மெக்சிகோவும் மத்திய, தென் அமெரிக்க நாடுகளும் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிற்குள் வந்தது. 1911-ஆம் ஆண்டில் தில்லியைத் தலைநகராக்குவதாக அறிவித்த ஆங்கில அரசு, புதிய நகரின் பின்னணியில் மொட்டைப் பாறை தெரிவதை விரும்பவில்லை. மேட்டைப் பசுமையாக்கும் பணி நடந்தது. விரைவில் வளர்வதும், ஆடுமாடு இலையை மேயாததும், மழையின்றியும் பிழைப்பதுமான சீமைக் கருவேல் அதற்கு ஏற்றதாகத் தோன்றிற்று. ஜோத்பூர் சமஸ்தானத்தில் 1930-களில் விமானத்திலிருந்து இதன் விதைகளைத் தூவினார்கள் என்பர்.

நட்டவர்களின் நோக்கம் தீயதன்று. பாலைமண் பரவாமல் தடுக்க வேண்டும், ஏழைகளுக்கு விறகு கிடைக்க வேண்டும் என்றே எண்ணினார்கள். இன்றும் பல குடும்பங்களின் அடுப்பு இம்மரத்தால் எரிகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் இதன் கரியால் பிழைப்போர் பலர். ஆனால் மரம் தனக்கிட்ட எல்லையில் நிற்கவில்லை. காய்களைத் தின்ற கால்நடைகள் சாணத்தின் வழியே விதையை ஊரெங்கும் பரப்பின. வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் தழைத்தது. உதிர்ந்த இலைகள் பிற செடிகளின் முளைப்பைத் தடுத்தன. ஓரிரு தலைமுறைக்குள், அரவல்லியில் முன்பு என்ன காடு இருந்தது என்பதையே நகரத்தார் மறந்துவிட்டனர்.

இதனோடு மற்றொரு துன்பமும் சேர்ந்தது. வளரும் நகரங்களுக்குக் கல்லும் மணலும் வேண்டி மலையையே தோண்டினர். 2002-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தில்லி எல்லையை ஒட்டிய அரவல்லிப் பகுதியில் சுரங்கத் தொழிலைத் தடுத்தது. அதன் பின் எஞ்சியவை குழிகளும், கற்குவியல்களும், அவற்றை மூடிய சீமைக் கருவேலும்தான். குர்கான் என்று வழங்கி, 2016-இல் குருகிராம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரின் விளிம்பில், ஏறத்தாழ 380 ஏக்கர் நிலம் இந்நிலையில் கிடந்தது.

2009-ஆம் ஆண்டில் அந்நகரக் குடிமக்கள் சிலர் ‘ஐ ஆம் குர்கான்’ என்ற பெயரில் ஒரு குழு அமைத்தனர். மறு ஆண்டு, நகராட்சியின் துணையோடு, அந்த நிலத்தில் அரவல்லியின் பழைய காட்டையே மீண்டும் எழுப்பும் பணியைத் தொடங்கினர். காட்டியல் அறிந்த விஜய் தஸ்மானா அப்பணிக்கு வழிகாட்டினார். அரவல்லி பல்லுயிர்ப் பூங்கா தோன்றியது இவ்வாறுதான்.

ஆனால் எதை நடுவது? கடைகளில் விற்கும் கன்றுகள் பெரும்பாலும் தோட்டத்துக்குரிய அழகு மரங்களே. அரவல்லியின் மரங்களை விற்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. பழைய காடு எப்படி இருந்தது என்பதற்குச் சான்று எங்கே?

சான்று அருகிலேயே இருந்தது. தில்லி எல்லையை ஒட்டி மாங்கர் என்ற சிற்றூர் உண்டு. அங்கும் அதன் அண்டை ஊர்களிலும் வாழும் குஜ்ஜர் மக்கள், ஒரு துறவியின் பெயரால் ஒரு பள்ளத்தாக்கைப் புனிதமாகக் காத்து வந்தனர். அதன் பெயர் மாங்கர் பனி. அங்கே கிளையொடித்தால் தீங்கு நேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஐயனார் கோயிற்காட்டில் சுள்ளி பொறுக்கவும் அஞ்சிய நம் ஊர்ப் பெரியோரை இது நினைவூட்டும். சுற்றிலும் மலை அழிந்தபோதும் அந்தப் பள்ளத்தாக்கு மட்டும் அழியவில்லை. அரவல்லிக்கே சிறப்பான ‘தவ்’ என்ற மரம் அங்கே அடர்ந்து நிற்கிறது. நம் மலைக்காடுகளில் வளரும் வெக்காலி அதன் நெருங்கிய உறவு. எந்த மரம் எந்தச் சரிவில் வளரும், எதனோடு எது கூடி நிற்கும் என்பதை அந்தக் கோயிற்காட்டைப் பார்த்தே தொண்டர்கள் கற்றார்கள்.

விதைகளை மலைகளிலே திரிந்து சேகரித்துத் தாமே நாற்றுப்பண்ணை அமைத்தனர். தவ் மரத்தின் விதைகளுள் முளைப்பவை மிகச் சில. அதனை வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். சாம்பிராணி போன்ற பிசின் தரும் ‘சாலை’ மரம், செந்தழல் நிறத்தில் பூக்கும் புரசு, வெப்பாலை, வெள்வேல் என வகைவகையான கன்றுகள் உருவாயின. பருவமழைக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளும், அலுவலக ஊழியரும், குடும்பத்தினரும் வந்து குழி தோண்டி நட்டார்கள். சீமைக் கருவேலைச் சிறிது சிறிதாக அகற்றி, அவ்விடத்தில் பழைய மரங்களை ஏற்றினார்கள். புதரும் புல்லும் திரும்பின. அவற்றை நாடிப் பூச்சியும் பறவையும் திரும்பின.

நடுதலினும் அரிய வேலை கற்பித்தலாகும். பெயர் தெரியாத மரத்திற்காக எவரும் வழக்காட மாட்டார். ஆகவே தொண்டர்கள் பிள்ளைகளை நடத்திச் சென்று இலையைத் தொட்டுப் பார்க்கவும், பட்டையை முகரவும், விதையைக் கையில் வாங்கவும் பழக்கினர். பாறை வெடிப்புகளின் வழியே மழைநீர் இறங்கி நிலத்தடியில் சேர்வதையும், தம் வீட்டுக் கிணற்றுக்கும் அக்குன்றுக்கும் உள்ள தொடர்பையும் எடுத்துரைத்தனர்.

அக்கல்வி சோதனைக்கு உள்ளாகும் நாளும் வந்தது. பூங்காவின் ஊடே ஒரு நெடுஞ்சாலையைக் கொண்டு செல்லும் யோசனை எழுந்தபோது, நட்டவர்களும், நடந்து கற்றவர்களும், அவர்தம் பிள்ளைகளும் எதிர்த்து நின்றனர். பூங்கா பிழைத்தது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் வெளியே உயிரினங்களைத் திறம்படக் காக்கும் இடம் என்ற தகுதியை, இந்தியாவிலேயே முதன்முதலாக இப்பூங்கா பெற்றது. கல் உடைத்த குழிக்கு இத்தகைய பெருமை வாய்த்தது சிறு செய்தியன்று.

ஆனாலும் அரவல்லியின் இடர் தீர்ந்துவிடவில்லை. 380 ஏக்கர் என்பது அந்நெடிய மலைத்தொடரில் ஒரு புள்ளியே. நகரம் விரிகிறது, நிலத்தின் விலை ஏறுகிறது. மாங்கர் பனியைப் போன்ற ஓரிடம் அழிந்தால், அதனை எந்தத் தொண்டராலும் மீண்டும் படைக்க இயலாது. பார்த்துக் கற்கும் மூலமே மறைந்துவிடும்.

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்த நமக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் கேட்கலாம். குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கிய கபிலரின் மொழியைப் பேசுவோர் நாம். நிலத்தையும் அதன் மரத்தையும் பூவையும் சேர்த்தே வாழ்வை வகுத்த மரபு நம்முடையது. அம்மரபு ஊர் எல்லையோடு நின்றுவிட வேண்டியதில்லை. சென்னையின் புரசைவாக்கத்திற்குப் பெயர் தந்த புரசுதான் இளவேனிலில் அரவல்லிச் சரிவிலும் பூக்கிறது. தில்லியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டி, தமிழ்ப் பெயரையும் இவ்வூர்ப் பெயராகிய ‘தாக்’ என்பதையும் ஒருங்கே சொல்லிக் கொடுக்கலாம். அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் அவர்களோடு சென்று, இந்த மண்ணுக்குரிய ஒரு கன்றை நட்டும் வரலாம். வாழும் நிலத்திற்கு நாம் செலுத்தத்தக்க கடன் அதுவே.