மெய்நிகர் வழியட்டவணையும் பொது வழியட்டவணையும்

ஒரே ரவுட்டருக்குள் பல வழியட்டவணைகள் இருக்கும்போது, வந்து சேரும் பாக்கெட்டுக்காக அவற்றில் எதைப் பார்ப்பது என்று ரவுட்டர் முடிவு செய்யும் முறை இங்கு விளக்கப்படுகிறது. எல்லா ரவுட்டர்களிலும் பொது அட்டவணை ஒன்று இருக்கும். அதிலிருந்து பிரித்து உருவாக்கும் தனி அட்டவணைகளை நெட்வொர்க் பொறியாளர்கள் வி.ஆர்.எஃப். என்பார்கள்.

பாக்கெட் போய்ச் சேரவேண்டிய முகவரிக்கு இந்தத் தேர்வில் பங்கு இல்லை. எந்த இன்டர்ஃபேஸ் வழியாக அது உள்ளே வந்தது என்பதுதான் கணக்கு. ஓர் இணைய நிறுவனத்தின் ரவுட்டரில் முதல் இன்டர்ஃபேஸில் ஒரு வங்கியும் இரண்டாவதில் ஒரு மருத்துவமனையும் இணைந்திருப்பதாகக் கொள்வோம். தனியார் பயன்பாட்டுக்கென 1996-இல் ஆர்.எஃப்.சி. 1918 ஒதுக்கிய முகவரிகளை யாரும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், இருவரிடமும் 10.1.1.0/24 இருக்கிறது. 10.1.1.5-க்குப் போகவேண்டிய பாக்கெட் முதல் இன்டர்ஃபேஸில் வந்தால் வங்கியின் அட்டவணை, இரண்டாவதில் வந்தால் மருத்துவமனையின் அட்டவணை. எந்த வி.ஆர்.எஃப்.பிலும் சேராத இன்டர்ஃபேஸில் வந்தால் பொது அட்டவணை. முகவரிக்கு மிக நெருங்கிப் பொருந்தும் வழியைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் அடுத்தது. தனி அட்டவணையில் வழி இல்லையென்றால் ரவுட்டர் பொது அட்டவணைக்குப் போய்ப் பார்க்கும் என்று நினைக்கிறார்கள். பார்க்காது, பொது அட்டவணையில் இணையத்துக்கான இயல்பு வழி தயாராக இருந்தாலும் பாக்கெட் கைவிடப்படும். கடந்து போகவேண்டுமென்றால், அடுத்த ரவுட்டர் பொது அட்டவணையில் இருக்கிறது என்று தனி அட்டவணையில் வெளிப்படையாக எழுதவேண்டும். திரும்பி வரும் வழியையும் மறக்காமல் எழுதவேண்டும்; மறந்தால் பாக்கெட் போய்ச் சேரும், பதில் மட்டும் வராது.

ரவுட்டரே உருவாக்கும் பாக்கெட்டுகள் எந்த இன்டர்ஃபேஸ் வழியாகவும் உள்ளே வருவதில்லை. ஆகவே வேறு சொல்லாதவரை அவை பொது அட்டவணையைத்தான் பயன்படுத்தும். வாடிக்கையாளரின் இணைப்பு நன்றாக இருந்தும் ரவுட்டரிலிருந்து பிங் போகவில்லை என்றால், கட்டளையில் வி.ஆர்.எஃப். பெயர் விடுபட்டதா என்று முதலில் பார்ப்பது நல்லது. சிஸ்கோ ஐ.ஓ.எஸ். ரவுட்டரில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை: ஐ.பி. முகவரி உள்ள இன்டர்ஃபேஸை வி.ஆர்.எஃப்.பில் சேர்த்ததும் அந்த முகவரி அழிந்துவிடும். அதே முகவரி வழியாக உள்நுழைந்து வேலை செய்பவரின் இணைப்பு அப்போதே அறுந்துபோகும்.

இன்டர்ஃபேஸ் விதிக்கு, பாக்கெட்டுகளை லேபிள் ஒட்டி அனுப்பும் எம்.பி.எல்.எஸ். வலையமைப்பில் முக்கியமான விலக்கு உண்டு. எரிக் ரோசனும் யாகோவ் ரெக்டரும் 1999-இல் ஆர்.எஃப்.சி. 2547-இல் விவரித்து, 2006-இல் ஆர்.எஃப்.சி. 4364-ஆகப் புதுப்பித்த முறை இது. நிறுவனத்தின் உள்வலையை நோக்கிய இன்டர்ஃபேஸ் பொது அட்டவணையைச் சேர்ந்தது. எல்லா வாடிக்கையாளர்களின் பாக்கெட்டுகளும் அதன் வழியாகவே வரும். அங்கே எது யாருடையது என்பதை பாக்கெட்டின் உள் லேபிள் காட்டும். 4 பைட் முகவரிக்கு முன் ஒட்டும் 8 பைட் ரூட் டிஸ்டிங்க்விஷர் அட்டவணையைத் தேர்ந்தெடுப்பதாகச் சிலர் சொல்வது தவறு. ஒரே முகவரியின் இரு வழிகளை பி.ஜி.பி. குழப்பிக்கொள்ளாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. ஒரு வழி எந்த அட்டவணையில் ஏறும் என்பது அதனுடன் வரும் ரூட் டார்கெட் என்ற குறியைப் பொறுத்தது.

லினக்ஸில் வி.ஆர்.எஃப். 2015-இல் வெளிவந்த 4.3 கெர்னலில் நுழைந்தது. அங்கே அட்டவணைத் தேர்வு வரிசை எண் கொண்ட விதிகளால் நடக்கிறது: வி.ஆர்.எஃப். விதிக்கு 1000, முதன்மை அட்டவணைக்கு 32766. மேலே சொன்னதற்கு மாறாக, இங்கே தனி அட்டவணையில் பொருத்தம் இல்லையென்றால் தேடல் அடுத்த விதிக்கு நழுவி, முதன்மை அட்டவணைக்கே போய்விடும். இதைத் தடுக்க, ஒவ்வொரு வி.ஆர்.எஃப். அட்டவணையிலும் ‘சென்றடைய முடியாது’ என்ற இயல்பு வழி ஒன்றை 4278198272 என்ற மெட்ரிக்குடன் சேர்க்கும்படி கெர்னல் ஆவணம் சொல்கிறது. எண் அவ்வளவு பெரிதாக இருப்பதால், உண்மையான இயல்பு வழி வந்ததும் அதுவே முந்திக்கொள்ளும்.