கொல்லா நெறியும் பருப்பமுதும்

சத்திரம் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் சுங்குவார்சத்திரம். வழிநடப்போர்க்கு நிழலும் சோறும் கிடைத்த காலத்தை அப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. இன்றோ அவ்வூரைத் தொட்டுச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், விடியற்பொழுதிலும் நள்ளிரவிலும் பணிமுறை மாறும் தொழிலாளரை ஏற்றிய பேருந்துகளே மிகுதி. திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் எனத் தொழிற்சாலைகள் நிரம்பிய இப்பகுதியில், வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து நம் சிற்றூர்ப் பிள்ளைகளும் பணி செய்கின்றனர்.

அவர்களுள் ஒருத்தி என் பழைய மாணவி. சென்ற ஆண்டு என்னைக் காண வந்தபோது மிகவும் இளைத்திருந்தாள். உடற்சோர்வுக்காக மருத்துவரிடம் சென்றதாகவும், உணவில் புரதம் போதவில்லை, முட்டையாவது சாப்பிட வேண்டும் என்று அவர் அறிவுறுத்தியதாகவும் சொன்னாள். பிறகு அவள் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. "நம்ம தாத்தா பாட்டியெல்லாம் முட்டை சாப்பிடாமத்தானே ஐயா ஏர் ஓட்டினாங்க, நாத்து நட்டாங்க? எங்களுக்கு மட்டும் ஏன் போதல?"

நியாயமான கேள்வி. "நம் உணவே சிறந்தது" என்று பெருமை பேசி அதனைத் தள்ளிவிடுதல் முறையன்று. வரலாற்றைப் புரட்டித்தான் விடை காண வேண்டும்.

சுங்குவார்சத்திரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ளது, சினகாஞ்சி எனப் போற்றப்படும் திருப்பருத்திக்குன்றம். பல்லவ மன்னன் சிம்மவர்மன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி அடிகளுக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கிய செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. விசயநகர அமைச்சர் இருகப்பர் அக்கோயிலில் 1387ஆம் ஆண்டு சங்கீத மண்டபம் எழுப்பினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்நிலத்தில் கொல்லா நெறி பூண்டு வாழ்ந்தவர் துறவியர் மட்டும் அல்லர். தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் உழவர். வெயிலில் நின்று உழுது, பயிரிட்டு, மக்களைப் பெற்று வளர்த்த குடிகள். ஊன் தவிர்த்த உணவு அவர்தம் உடலுக்குப் போதாதிருந்தால் அந்நெறி இத்தனை தலைமுறை நிலைத்திராது.

அவர்கள் என்ன உண்டார்கள்? இங்கேதான் நம் நினைவில் ஒரு குறை இருக்கிறது. விலக்கியதை நாம் மறக்கவில்லை. விலக்கியதற்கு ஈடாக உண்டதை மறந்துவிட்டோம். திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம், கொல்லாமை 33ஆம் அதிகாரம் என்பது நம் வீட்டுச் சிறுவர்க்கும் தெரியும். ஊனுண்ணலை நியாயப்படுத்திய பௌத்தரோடு நீலகேசி வாதிட்டதை மேடைகளில் பேசுகிறோம். அந்நூலை 1936இல் பதிப்பித்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அந்த அறவோரின் அடுக்களையில் கொதித்தது எது என்று நாம் கேட்பதில்லை.

அதற்கான சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. அகநானூற்றின் 86ஆம் பாடல் காட்டும் பழந்தமிழ் மணவிருந்தில், உளுந்து கலந்து குழைய வெந்த சோறே முதலில் வருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் இறைவற்குப் படைக்கும் அமுதினை வகைப்படுத்தும்போது நெய்யமுது, தயிரமுது, கறியமுது என்பவற்றோடு பருப்பமுது என்பதையும் சேர்த்துச் சொல்கின்றன. சோறும் பருப்பும் பாலின் பயனும் ஒன்றாய் அமைந்ததே நிறைவான அமுது என்பது அக்காலத்துத் தெளிவு.

நம் அண்டை நாடாகிய கன்னட நாட்டுச் சமணர் இவ்வகையில் நம்மினும் கவனமாக எழுதிவைத்தனர். ஏறத்தாழ கி.பி. 920இல் சிவகோட்யாசாரியர் இயற்றிய 'வட்டாராதனெ' என்னும் சமணக் கதைநூலில் 'இட்டலிகெ' என்னும் சொல் வருகிறது. இட்டலியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்று. ஏறத்தாழ 1025இல் சாவுண்டராயர் எழுதிய 'லோகோபகார'த்தில் அதன் செய்முறையும் காணப்படுகிறது. உளுந்தை ஊறவைத்து நுண்ணிதாய் அரைத்து, சீரகமும் மிளகும் பெருங்காயமும் கூட்டி வேகவைப்பதே அது. அதில் அரிசி இல்லை! அரிசி பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் மங்கரசர் என்னும் சமணப் புலவர் சமையற்கலைக்கென்றே ஒரு நூல் செய்தார். அதன் பெயர் 'சூபசாத்திரம்'. வடமொழியில் 'சூபம்' என்பது பருப்புச் சாற்றைக் குறிக்கும். சமையற்கலை முழுவதற்கும் பருப்பின் பெயரே பெயராயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

முன்னோர் அனுபவத்தால் அறிந்ததற்கு அறிவியல் பின்னர்க் காரணம் கூறியது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல கோத்த மாலை. அவற்றுள் சிலவற்றை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ளாது; உணவிலிருந்தே பெறவேண்டும். அரிசியில் லைசின் என்பது குறைவு, மெத்தியோனின் என்பது போதுமான அளவு உண்டு. பருப்பில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கும். இரண்டும் ஒரு நாளுணவில் சேரும்போது உடலுக்கேற்ற புரதம் அமைகிறது.

எந்த அளவில் சேரவேண்டும்? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தானியம் மூன்று பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு என்று சொல்கிறது. இதனைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டு இட்டலி மாவுக்கு அளக்கும் ஆழாக்குக் கணக்கு ஏறக்குறைய இதுதானே! அடைக்கு நாம் போடும் பருப்பு இதனினும் மிகுதி. அந்நிறுவனம் 1918இல் நீலகிரிக் குன்னூரில் மருத்துவர் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்தது என்பதும் தமிழர் அறியத்தக்க செய்தி.

நிலக்கடலையின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இப்பயிர் 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மண்ணில் பரவி, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பலேறியது. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் அது நிலத்துப் பயிர். மண்ணுக்குள் காய்த்தாலும் கிழங்கன்று, விதையே என்று நம்மவர் பெரும்பாலும் அதனை ஏற்றனர். மைசூரில் 1950இல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன் காலத்தில், ஊட்டம் குறைந்தோர்க்கென ஒரு சத்துமாவை உருவாக்கிற்று. அதன் சேர்மானம் எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு முக்கால் பங்கு, கொண்டைக்கடலை மாவு கால் பங்கு. புரதக் குறைக்கு இந்நாட்டு அறிஞர் கண்ட மருந்து நம் தோட்டத்திலேயே விளைந்தது.

அப்படியானால் என் மாணவிக்கு ஏன் போதவில்லை? தட்டு மாறிவிட்டது என்பதே விடை. 1951இல் இந்தியாவில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பருப்பு 60.7 கிராம். 2010இல் அது 35.4 கிராம். பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் பெருக்கியது. புன்செய்ப் பயறுகள் பின்தங்கின. நம் மாநிலத்தில் 2011 சூன் முதல் நியாயவிலைக் கடைகளில் பல அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பசியை விரட்டிய திட்டம் அது. குறை சொல்லுதல் நன்றியன்று. ஆயினும் இருபதுக்கு ஒன்று என்பது மூன்றுக்கு ஒன்று ஆகாது. எஞ்சியதை வாங்கி நிரப்ப வேண்டியவர் நாமே.

பள்ளியில் நான் கண்ட காட்சியும் இதனையே உணர்த்தியது. 1982 சூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989 முதல் முட்டை சேர்ந்தது. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தந்தனர். நம் வீட்டுக் குழந்தைகள் மகிழ்வோடு பழத்தை வாங்கிக்கொண்டனர். நானும் அறம் காக்கப்பட்டது என்று மகிழ்ந்தேன். முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு, வாழைப்பழத்தில் ஏறத்தாழ ஒரு கிராமே உண்டு என்பதை அன்று நான் எண்ணவில்லை. வாரத்தில் ஒரு நாள் பயறோ கொண்டைக்கடலையோ தரும் ஏற்பாடு பின்னர் வந்தது. முட்டைக்கு உண்மையான ஈடு அந்தச் சுண்டல்தான். மனத்துக்கு ஈடு செய்த நாம் உடலுக்கு ஈடு செய்ய மறந்தோம்.

இனி, மாணவியின் தட்டைக் கணக்கிடுவோம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். விடுதியில் அவள் உண்ணும் அரிசி 300 கிராம் என்று கொண்டால் அதில் 24 கிராம் கிடைக்கும். நீர்த்த சாம்பாரில் பருப்பு 25 கிராம் இருந்தால் 5 அல்லது 6 கிராம். ஒரு சிறு கிண்ணம் தயிரில் 3 கிராம். கூட்டினால் 33. குறைவது 13 கிராம்.

இந்தப் பதின்மூன்றுக்காக நெறியைக் கைவிட வேண்டுமா? 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 7 கிராமுக்கு மேல் கிடைக்கும். வறுத்த நிலக்கடலை 30 கிராமில் இன்னும் 7 கிராம். குறை தீர்ந்தது. வீட்டில் உண்போர்க்கு வழிகள் இன்னும் பல: பருப்புருண்டைக் குழம்பு, பருப்புசிலி, கொள்ளு ரசம், மொச்சைக் கூட்டு, பருப்புத் துவையல், எள்ளுருண்டை, பயத்தம்பருப்புப் பாயசம். நம் பாட்டிமார் இவற்றை விழாவுக்கு மட்டும் சமைக்கவில்லை. முறை வைத்து அன்றாடம் சமைத்தார்கள்.

நோன்பு காப்போர்க்குச் சில ஐயங்கள் எழலாம். முளைவிட்ட பயறே சிறந்தது என்று இன்று பலரும் கூறுகின்றனர். முளைப்பயிறு விலக்குவோர் ஊறவைத்து வேகவைத்தாலே போதும். புரதத்தில் குறை நேராது. புளித்த மாவை விலக்குவோர் அன்றே ஊறவைத்து அரைத்த அடையைச் சுடலாம். இரவுணவு விலக்கிய பிள்ளை மாலைப் பணிக்குச் சென்றால், கதிர் மறையுமுன் உண்ணச் சுண்டலோ பொட்டுக்கடலை மாவுருண்டையோ கையில் இருக்கட்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. வயிறு நிறையாதபோது உண்ட புரதத்தையும் உடல் எரிபொருளாகவே செலவிடும். ஆதலால் உணவைத் தவிர்த்துவிட்டுச் சத்துமாவை மட்டும் குடித்தல் பயன் தராது. சோர்வுக்கு இரத்தச் சோகை முதலிய வேறு காரணங்களும் இருக்கலாம். மருத்துவரிடம் நம் உணவுநெறியை விளக்கிச் சொல்லி, அதற்கேற்ற வழி கேட்பதே அறிவுடைமை.

நிறைவாக நம் அறக்கட்டளையினர்க்கு ஒரு வேண்டுகோள். 2021 திசம்பரில், விடுதி உணவால் நோயுற்ற தோழியர்க்காகப் பெண் தொழிலாளர்கள் இந்த நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இத்தனை பேர் உண்ணும் இடத்தில் நம் பிள்ளைகளும் இருப்பர். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்துள் ஆகார தானத்தை முன்வைத்தது நம் மரபு. ஓராண்டு உணவின்றி நடந்த ஆதிபகவனுக்குக் கருப்பஞ்சாறு அளித்த சிரேயாம்சனை அட்சய திருதியைதோறும் நினைக்கிறோம். பிள்ளைகள் பணிபுரியும் இப்பகுதியில், வெங்காயமும் கிழங்கும் இல்லாத, ஆனால் பருப்பு நிறைந்த உணவு கிடைக்கும் சிறு சமையற்கூடம் ஒன்றை அமைத்தால், அது சத்திரத்தின் பெயர் தாங்கிய ஊருக்கும் பொருந்தும். நம் நெறிக்கும் பொருந்தும்.

அதுவரை, ஞாயிறன்று ஊர் வந்து திரும்பும் பிள்ளையின் பையில் முறுக்கோடு ஒரு படி வறுகடலையும் வைத்தனுப்புவோம். என் மாணவி இப்போது அப்படித்தான் எடுத்துச் செல்கிறாள். "விடுதியில கூட இருக்கிறவங்களும் கேட்டு வாங்கிச் சாப்பிடுறாங்க ஐயா" என்றாள் சென்ற முறை. அவர்களும் உண்ணட்டும். அடுத்த முறை இரண்டு படியாகக் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அறம் வளர்க!