நியூயார்க்கிலிருந்து காரப்பேட்டைக்கு

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறோம். கவனித்திருக்கிறீர்களா? மருந்துச் சீட்டு வாங்கியாச்சு. ஃபிளாஸ்க், தட்டு, தலையணை எல்லாம் கூடைக்குள் போயாச்சு. அப்புறம் யாராவது ஒருவர் அவசரமாகக் கீழே ஓடிப்போய் ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வருவார். நர்ஸ்கள் உட்காரும் மேஜை மேல் அதை வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, ‘ரொம்ப நன்றிங்க’ என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடையைக் கட்டுவோம். உயிரைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு அரைக் கிலோ மைசூர்பாகு!

தப்பு என்று சொல்லவில்லை. வேறு என்ன செய்வது என்று நமக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்கு ஒரு பெரியப்பா உண்டு. வாழ்க்கையில் பாதிக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்து பட்டுப்புடவை நெய்தவர். ஒருநாள் கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் ஒன்று வந்தது. காரப்பேட்டையில் இருக்கும் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பெரிய ஆபரேஷன். தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். மூக்கில் குழாய், அதன் வழியாகக் கஞ்சி. பல நாள் பேச்சே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் குழாய் அடைத்துக்கொண்டால் ஓடி வந்ததும், வாய்ப்புண்ணை முகம் சுளிக்காமல் கழுவிவிட்டதும் வார்டில் இருந்த ஒரு சிஸ்டர்.

டிஸ்சார்ஜ் அன்று பெரியப்பா ஸ்வீட் பாக்ஸ் வாங்கச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்திருந்தது. அதைத்தான் சிஸ்டர் கையில் கொடுத்தார். உள்ளே அவர் கையால் நெய்த பட்டு. அதற்கு சிஸ்டர் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் இருக்கும் பெயரைப் படித்துவிடுவோம்.

அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை.

அண்ணா பெயர் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? சாலை, பஸ் ஸ்டாண்ட், நகர், நூலகம் எல்லாவற்றுக்கும் அவர் பெயர்தான். அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்று என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். ஆனால் இந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஒரு நோயாளியின் கதை இருக்கிறது.

* * *

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் 1909 செப்டம்பர் 15-ம் தேதி பிறந்தவர் சி.என். அண்ணாதுரை. வசதியான குடும்பம் அல்ல. படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு, ஊர் முனிசிபாலிட்டியில் கொஞ்ச நாள் குமாஸ்தா வேலைகூடப் பார்த்தார். அப்புறம்தான் சென்னை பச்சையப்பன் கல்லூரி, எம்.ஏ., மேடை, பத்திரிகை, நாடகம், அரசியல் எல்லாம்.

தறியை அவர் மறக்கவில்லை. 1953-ல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திருச்சித் தெருக்களில் கூவி விற்றார். கட்சிக்காரர்கள் வேறு வேறு ஊர்களில் விற்றார்கள்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வெற்றிலை, பாக்கு, புகையிலை. கூடவே மூக்குப்பொடி. அந்தக் காலத்தில் இதை யாரும் கெட்ட பழக்கம் என்று பெரிதாகச் சொல்லவில்லை. தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் மணிக்கணக்காக எழுந்திருக்க முடியாது. பசியை மறக்க, தூக்கத்தை விரட்ட, வாயில் ஒரு துண்டு புகையிலை. காஞ்சிபுரத்தில் எத்தனையோ திண்ணைகளில் வெற்றிலைப் பெட்டி வீட்டு ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

1967 மார்ச் 6-ம் தேதி அண்ணா முதலமைச்சர் ஆனார். 1968-ன் முற்பகுதியில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அழைத்து கௌரவித்தது. உற்சாகமாகப் போய் வந்தார். சில மாதங்களில் சாப்பாடு இறங்குவதில் சிரமம். பரிசோதித்த டாக்டர்களின் முகம் மாறியது. உணவுக்குழாயில் புற்றுநோய்.

செப்டம்பரில் மறுபடியும் அமெரிக்கா. இந்தமுறை நோயாளியாக. நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன்-கெட்டரிங் ஆஸ்பத்திரி. 1884-ல் ‘நியூயார்க் புற்றுநோய் மருத்துவமனை’ என்ற பெயரில் ஆரம்பிக்கப்பட்ட இடம் அது. புற்றுநோய்க்கென்றே உலகத்தில் இருந்த ஆஸ்பத்திரிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. தன்னுடைய 59-வது வயது நிறைவை அண்ணா அந்த நகரத்தில்தான் பார்த்தார். செப்டம்பர் நடுவில் டாக்டர் தியோடர் மில்லர் ஆபரேஷன் செய்தார்.

ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொன்னார், கையிலிருந்த புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்றார் என்று ஒரு கதை நம் மேடைகளில் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. பேச்சாளர்களுக்குப் பிடித்த கதை. சொல்லிவிட்டுக் கைதட்டல் வாங்குவார்கள். ஆனால் அந்த ஆபரேஷன் எப்பேர்ப்பட்டது என்பதை யாரும் சொல்வதில்லை.

உணவுக்குழாய் இருக்கும் இடத்தை யோசித்துப் பாருங்கள். முன்னால் மூச்சுக்குழாய். பக்கத்தில் இதயம், பெரிய ரத்தக்குழாய், இரண்டு பக்கமும் நுரையீரல். இத்தனைக்கும் நடுவில் புகுந்து அதை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். அப்புறம் சாப்பாடு போக வேறு பாதை போட வேண்டும். மார்புக்குள்ளிருந்து இதை வெற்றிகரமாக முதன்முதலில் வெட்டி எடுத்தவர் ஃபிரான்ஸ் டோரெக். 1913-ல், இதே நியூயார்க் நகரத்தில். நோயாளி 67 வயது அம்மையார். வெட்டின இடத்தை ஒட்டவைக்க வழி தெரியவில்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் இணைத்து வெளியே ஒரு ரப்பர் குழாய். சாப்பாடு உடம்புக்கு வெளியே பயணம் செய்து வயிற்றுக்குள் போகும்! அந்த அம்மையார் அந்தக் குழாயோடு பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்.

நான் படித்தது பி.காம். எதையும் கணக்காகப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதுவரை உலகமெங்கும் வெளியான 122 ஆய்வுக் கட்டுரைகளை, 83,783 நோயாளிகளின் விவரங்களை, இரண்டு டாக்டர்கள் ஒன்றுசேர்த்து 1980-ல் வெளியிட்டார்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 58 பேருக்குத்தான் கத்தி வைக்கவே முடிந்தது. 39 பேருக்குக் கட்டியை அகற்ற முடிந்தது. அவர்களில் 13 பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். கட்டி போய், உயிரோடு வீட்டுக்குத் திரும்பியவர்கள் 26 பேர். ஒரு வருஷம் தாண்டியவர்கள் 18. ஐந்து வருஷம் தாண்டியவர்கள் வெறும் நாலு பேர்.

1968-ன் ஆஸ்பத்திரி வார்டை இந்த எண்களை வைத்துக்கொண்டு பாருங்கள். டாக்டரின் கத்திக்குச் சில மணி நேர வேலைதான். அந்த 39 பேரில் யார் 26-ல் சேருவார், யார் 13-ல் சேருவார் என்பதைத் தீர்மானிப்பதில் அடுத்து வரும் நாட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மார்பில் சொருகிய குழாயில் என்ன வடிகிறது என்று பார்க்க வேண்டும். வலியில் மூச்சை இழுக்கவே பயப்படுகிறவரை உட்காரவைத்து இருமச் சொல்ல வேண்டும். இருமாவிட்டால் நிமோனியா. தையல் போட்ட இடம் கசிகிறதா என்று காய்ச்சலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் சரி என்றான பிறகு ஒருநாள், ஒரே ஒரு மடக்குத் தண்ணீர். அது இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். இதெல்லாம் பெரும்பாலும் நர்ஸ்களின் வேலை. அவர்கள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் வராது.

அண்ணா 26-ல் ஒருவரானார். நவம்பரில் சென்னை திரும்பினார்.

* * *

திரும்பி வந்தவர் ஓய்வு எடுத்தாரா? டாக்டர்கள் எடுக்கச் சொன்னார்கள். அவர் எடுக்கவில்லை.

‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்ற பெயரை ‘தமிழ்நாடு’ என்று மாற்ற வேண்டும் என்று 1956-ல் உண்ணாவிரதம் இருந்து செத்தே போனார் சங்கரலிங்கனார். 1967 ஜூலையில் அண்ணா அதைச் சட்டசபைத் தீர்மானமாக்கினார். அவர் நியூயார்க்கிலிருந்து திரும்பிய அதே நவம்பரில் பாராளுமன்றம் பெயர் மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. டிசம்பர் 1-ம் தேதி சென்னையில் கொண்டாட்டம். போகக் கூடாது என்ற டாக்டர்களின் பேச்சை மீறி, இளைத்துப்போன உடம்போடு வந்து பேசினார். அதே டிசம்பர் 25-ம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர் ஆட்சியின் ஆறாத வடு அது. கிடைத்த நாட்களில் கசப்பும் இருந்தது.

1969 ஜனவரி 14, பொங்கல். தமிழ்நாடு என்ற பெயர் அதிகாரபூர்வமாக அமலுக்கு வந்தது. அன்றைக்கு தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிலையைத் திறந்துவைத்தார். அதுதான் அவருடைய கடைசிப் பொது நிகழ்ச்சி.

நோய் திரும்பி வந்துவிட்டது. இந்தமுறை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. ஆபரேஷன் செய்த டாக்டர் மில்லர் நியூயார்க்கிலிருந்து சென்னைக்கே பறந்து வந்தார். தான் வைத்தியம் பார்த்த ஒருவரைத் தேடி உலகத்தின் பாதியைச் சுற்றி வந்தும் பலனில்லை. 1969 பிப்ரவரி 3-ம் தேதி அதிகாலையில் அண்ணா போய்விட்டார். இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட கூட்டம் ஒன்றரைக் கோடி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

ஆபரேஷனிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் நாலரை மாசம். இதற்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். அந்த நாலரை மாசத்தில்தான் ஒரு மனிதர் தன் மண்ணுக்குத் தான் விரும்பிய பெயர் வந்ததைக் கண்ணால் பார்த்தார்.

* * *

அண்ணா கடைசியாகப் படுத்திருந்த அடையாறு ஆஸ்பத்திரி எப்படி வந்தது தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். கூடவே இருந்து பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனையை அக்கா முப்பது வருஷம் சுமந்தார். கதவு கதவாகத் தட்டி நிதி சேர்த்து, 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறில் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னால் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா 2021-ல் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். அண்ணா நியூயார்க் போவதற்கு ஒன்றரை மாதம் முன்னால், 1968 ஜூலையில், முத்துலட்சுமி ரெட்டி காலமாகியிருந்தார்.

ஆக, ஒரு தங்கையின் மரணத்துக்கு அக்கா கட்டிய ஆஸ்பத்திரியில் ஒரு முதலமைச்சரின் மூச்சு நின்றது. அதே 1969-ல் அவர் பிறந்த ஊரில், நெசவாளர்கள் நடுவில், அவர் பெயரில் காரப்பேட்டை ஆஸ்பத்திரி வந்தது.

கணக்குப் பாடத்தில் ‘வராக்கடன்’ என்று ஒன்று உண்டு. திரும்ப வசூலாகவே ஆகாது என்று எழுதித் தள்ளிவிடும் கடன். டாக்டருக்கும் நர்ஸுக்கும் நாம் படும் கடன் அந்த வகை. கொடுத்தவரிடம் திருப்பிக் கட்ட முடியாது. நியூயார்க்கில் அந்தத் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்ற கைகளுக்குக் காஞ்சிபுரத்து ஆள் எப்படிக் கடனை அடைப்பது? பக்கத்தில் இருக்கும் இன்னொரு நோயாளியிடம்தான் அதைச் செலுத்த முடியும். முதலமைச்சருக்கு அமெரிக்கா போக முடிந்தது. தறிக்காரருக்கு சென்னைக்குப் போவதே பெரும்பாடு. அவருக்கு பஸ் சார்ஜில் எட்டுகிற தூரத்தில் ஒரு படுக்கை. இதைவிடப் பொருத்தமான நன்றி எனக்குத் தோன்றவில்லை.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த சிஸ்டர், பட்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இதெல்லாம் நாங்க வாங்கக் கூடாது பெரியவரே. எனக்கு ஏதாவது கொடுக்கணும்னா, அந்தப் புகையிலையை விட்டுடுங்க. போதும்.”

“விட்டுட்டேம்மா” என்றார் பெரியப்பா, குழறலாக. “வெறும் பாக்கு மட்டும்தான் இனிமே.”

“பாக்கும்தான் கேன்சர் வரவைக்கும். அதையும் விடுங்க.”

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பட்டு நெய்து கொடுப்பது அவருக்குச் சுலபம். இது கஷ்டமான காணிக்கை. அன்று வீட்டுக்கு வந்ததும், திண்ணையில் இருந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, துடைத்து, நூல்கண்டு போட்டு வைத்தார்.

இன்றைக்கும் அதில் நூல்கண்டுதான் இருக்கிறது. போன மாசம் போயிருந்தபோது திறந்து பார்த்தேன்.