இரண்டு கட்சிக்கும் ஒரே பேனா

ஒரு காலத்தில் நம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இரண்டு கட்சிகள் இருந்தன. தேர்தல் கட்சிகள் அல்ல. சிவாஜி கட்சி, எம்.ஜி.ஆர். கட்சி. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினால் லயத்து ஜனங்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்காருவார்களாம். பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸ் லீடோ தியேட்டருக்குப் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்திலேயே வசனச் சண்டை தொடங்கிவிடும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட பக்கம் பக்கமாக ஒப்பிப்பார்கள் என்று என் தாத்தா சொல்வார்.

அந்த வசனங்களை எழுதியது யார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவர் பெயர் ஆரூர்தாஸ். 1931இல் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். இயற்பெயர் யேசுதாஸ், வளர்ந்த திருவாரூரைப் பெயரில் சேர்த்துக்கொண்டார். கவிஞர் தஞ்சை ராமையாதாஸிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். 1959இல் தேவர் பிலிம்ஸின் 'வாழ வைத்த தெய்வம்' வந்தது.

1961ஐக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த ஆண்டு சிவாஜிக்கு 'பாசமலர்'. அதே ஆண்டு எம்.ஜி.ஆருக்கு 'தாய் சொல்லைத் தட்டாதே'. இரண்டுக்கும் வசனம் இவரே! 'பாசமலர்' கதை கொட்டாரக்கராவுடையது, பீம்சிங் இயக்கியது. ஆனால் அண்ணன் தங்கை வாய்க்கு வார்த்தை கொடுத்தவர், அப்போது முப்பதை நெருங்கிய இந்த இளைஞர். பிறகு 'புதிய பறவை' (1964) ஒரு பக்கம், 'வேட்டைக்காரன்' (1964), 'அன்பே வா' (1966) மறுபக்கம். அழவைத்த கையே 'அன்பே வா'வில் குறும்பும் பேசியது. எனக்கு அதுதான் பெரிய வித்தையாகத் தெரிகிறது.

எழுதியவை ஆயிரம் படங்கள் அளவுக்கு என்பார்கள். அதில் ஏறத்தாழ பாதி மொழிமாற்றுப் படங்கள். இது லேசான வேலை இல்லை, பிள்ளைகளே. தெலுங்கு நடிகர் திரையில் உதட்டை மூடும் இடத்தில் தமிழில் 'ப'வோ 'ம'வோ வந்தாக வேண்டும். வாய் திறந்திருந்தால் 'ஆ' மாதிரி ஓர் ஒலி வேண்டும். அர்த்தமும் கெடக்கூடாது, நீளமும் மிஞ்சக்கூடாது. நீங்கள் தமிழில் பார்க்கும் ஜப்பானியக் கார்ட்டூனுக்குப் பின்னாலும் இப்படி ஒருவர் உட்கார்ந்து வாயசைவை எண்ணியிருப்பார்.

1967இல் 'பெண் என்றால் பெண்' படத்தை இயக்கியும் பார்த்தார். அந்த வழியில் தொடரவில்லை. 2022 ஜூன் மாதம் தமிழக அரசு 'கலைஞர் நினைவு கலைத்துறை வித்தகர்' விருதை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. அந்த நவம்பரில் 91ஆம் வயதில் காலமானார்.

பத்திரிகையில் அந்தச் செய்தியைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பழுத்த எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி படம் ஓடினால் எழுந்து போய்விடுவாராம். 'பாசமலர்' எழுதியவரும் இவர்தான் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பேரை இன்னொரு தடவ சொல்லுப்பா" என்றார்.