ஓய்வு பெறும் அதிகாரிக்கு நாம் எதை வைத்து மரியாதை செய்வது? – சுகதேவ் தோரட்டை முன்வைத்து

ஒரு பல்கலைக்கழக நிர்வாகி ஓய்வு பெற்றால் பொன்னாடை போர்த்துவார்கள், மலர் வெளியிடுவார்கள், எத்தனை கட்டடம் எழுப்பினார் என்று பட்டியல் வாசிப்பார்கள். நம் கேள்வி வேறு. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில் சேரியிலிருந்து எத்தனை பேர் ஆய்வு மாணவர்கள் ஆனார்கள்? நம் அவமானங்களில் எவை அரசாங்கக் கோப்பில் ஏறின? இந்த அளவுகோலில் எடை போடத்தக்கவர் பேராசிரியர் சுகதேவ் தோரட். 2006 பிப்ரவரி முதல் 2011 பிப்ரவரி வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்தவர்.

நம் கொங்கு மண்ணிலிருந்தே தொடங்கலாம். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் படித்தது கோயம்புத்தூர் கலாசாலையில். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள் என்று தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சக மாணவர்களோடு பழகாமல் ஒதுங்கியே இருந்தார். இது 19ஆம் நூற்றாண்டின் கதை, இப்போது யார் சாதி பார்க்கிறார்கள் என்று நம்மிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் புள்ளிவிவரத்தால் பதில் சொன்னவர் தோரட்.

1949இல் மகாராஷ்டிராவின் அமராவதி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அண்ணல் அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் அவுரங்காபாத்தில் தொடங்கிய மிலிந்த் கல்லூரியில் படித்தவர். பிறகு டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், அங்கேயே பொருளாதாரப் பேராசிரியர் பணி. 2003இல் தொடங்கிய இந்திய தலித் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே.

அவர் பாலும் அமெரிக்கச் சமூகவியலாளர் பால் அட்டவெலும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்கள் 548க்கு, 66 வாரங்களில், 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு: சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். தலித் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் சாத்தியம், சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. கோவைக் கலாசாலையில் சீனிவாசனார் எதற்கு அஞ்சினாரோ, அதற்கு எண் கிடைத்துவிட்டது.

11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த தீண்டாமை ஆய்வு 2006இல் நூலானபோது அதன் ஐந்து ஆசிரியர்களில் ஒருவர் அவர். அதற்கு முந்தைய ஆண்டு ஜோயல் லீயுடன் எழுதிய கட்டுரை தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களைப் பார்த்தது. சத்துணவுக் கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது, சமைப்பவர் யார், தலித் சமையலரை எதிர்ப்பவர் யார் என்று கேட்டது. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் என்ன நடந்தது? அருந்ததியப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்கச் சாதியினர் திரண்டார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவை இடமாற்றம் செய்தார்கள். போராடித்தான் அந்த ஆணையைத் திரும்பப் பெற வைத்தோம். 13 ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வு சொன்னதை அரசு படித்திருந்தால் அந்த அம்மா ஏன் தெருவில் நிற்க வேண்டும்?

ஆய்வாளர் அதிகாரத்தில் அமர்ந்தால் என்ன செய்யலாம் என்பதையும் அவர் காலம் காட்டியது. இடஒதுக்கீட்டைக் கறாராக நடைமுறைப்படுத்த 2006இல் மானியக் குழு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ராஜீவ்காந்தி தேசிய ஆய்வு உதவித்தொகை மூலம் ஆண்டுக்கு 1,333 பட்டியல் சாதி, 667 பழங்குடி மாணவர்கள் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகும் வழி திறந்தது. சமூக விலக்கம் குறித்த ஆய்வு மையங்கள் பல்கலைக்கழகங்களில் வந்தன. நமக்குப் பக்கத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் ஒன்று. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடக்கும் பாகுபாட்டை விசாரித்த குழுவுக்கும் அவரே தலைவர். 2007இல் அக்குழு அறிக்கை தந்தபோது எய்ம்ஸ் நிர்வாகம் அதை ஏற்க மறுத்தது.

இங்கேதான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் தலைவராக இருந்த 2008 பிப்ரவரியில்தான் சேலம் மாவட்டம் ஜலகண்டபுரத்திலிருந்து ஐதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமார் இறந்தார். பன்னியாண்டி சமூகத்துப் பிள்ளை. அவருக்கு ஆய்வு நெறியாளர்கூட ஒதுக்கப்படவில்லை. டெல்லியில் நல்லவர் ஒருவர் இருந்தால் போதாது. துறைக்குள்ளே, விடுதிக்குள்ளே, மதிப்பெண் போடும் மேசையில் சாதி உட்கார்ந்திருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்துக்கான விதிகள் 2012இல் வந்தன. நான்கே ஆண்டுகளில் ரோகித் வெமுலாவையும் இழந்தோம்.

அதற்காக எண்கள் வீண் என்று சொல்லிவிட முடியாது. நீதிபதி ஜனார்த்தனம் குழு அருந்ததியரின் மக்கள்தொகையையும் அரசுப் பணியில் அவர்களின் பங்கையும் கணக்கெடுத்து ஒப்பிட்டதால்தான் 2009இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமானது. ஆதித்தமிழர்களும் அருந்ததியர் அமைப்புகளும் தெருவில் நின்றார்கள். கணக்கு மேசையில் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது அரசால் தட்டிக்கழிக்க முடியவில்லை. 2024இல் உச்ச நீதிமன்றமும் உள்ஒதுக்கீடு செல்லும் என்றது.

தோரட் போன்றவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை பொன்னாடை அல்ல. கொடுமுடியிலிருந்து ஈரோட்டுக்கும் கரூருக்கும் ரயிலேறிக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் ஒரு காரியம் செய்யட்டும். தங்கள் கல்லூரியில் பட்டியல் சாதிக்கான ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, உதவித்தொகை எத்தனை மாதம் நிலுவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரும் பதிலை ஊரில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கணக்குக் கேட்கிறவன் இருக்கும் இடத்தில்தான் கோப்பு நகரும்.

ஜெய்பீம்!