நாப்கினில் எழுதிய எதிர்காலம்

2024 மே மாதம், 'போனம்ஸ்' ஏல நிறுவனம் ஒரு பேப்பர் நாப்கினை ஏலம் விட்டது. ஓட்டலில் வாய் துடைத்துவிட்டுக் கசக்கி எறிவோமே, அதேதான்! போன விலை 7,62,400 பவுண்டு. அதில் இருந்ததெல்லாம் நீல மையில் சில வரிகளும் கையெழுத்துகளும்தான்.

கதை அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் ஆரம்பிக்கிறது. ஹோர்ஹே மெஸ்ஸிக்கு உருக்காலையில் வேலை. மனைவி செலியா, காந்தம் தயாரிக்கும் பட்டறையில் பகுதி நேர ஊழியர். நாலு பிள்ளைகள். மூன்றாவது பையன் லயோனல், 1987-ல் பிறந்தவன். ஆள் ரொம்பப் பொடிசு. அவனை 'கிராண்டோலி' கிளப் மைதானத்துக்குக் கூட்டிப்போனது பாட்டி. 'இவ்வளவு சின்னப் பையனா?' என்று பயிற்சியாளர் தயங்க, பேரனை இறக்கியே ஆகவேண்டும் என்று மல்லுக்கு நின்றதும் அவர்தான். பிற்காலத்தில் கோல் போட்டதும் மெஸ்ஸி வானத்தை நோக்கி விரல் நீட்டியது அந்தப் பாட்டிக்காகத்தான்.

1998-ல் பாட்டி இறந்துபோனார். பையனோ வளரவே இல்லை. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்றார்கள் டாக்டர்கள். தினம் ராத்திரி காலில் ஊசி. செலவு? மாசம் சுமார் 1,000 டாலர்! அப்பாவின் மருத்துவக் காப்பீடு இரண்டு வருஷம்தான் தாங்கியது. அவன் ஆடிய 'நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ்' கிளப்பை நம்பியும் காலம் தள்ள முடியவில்லை. நாட்டின் பொருளாதாரம் வேறு பாதாளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

2000 செப்டம்பரில் அப்பாவும் மகனும் பார்சிலோனாவுக்குப் பறந்தார்கள். பையனின் ஆட்டம் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால், கிளப் நிர்வாகிகளுக்குத் தயக்கம்... 13 வயது வெளிநாட்டுப் பொடியனுக்கு ஊசி, வீடு, அப்பாவுக்கு வருமானம் என்று இவ்வளவா? மாதங்கள் ஓடின. அப்பா பொறுமையிழந்தார். டிசம்பர் 14 அன்று ஒரு டென்னிஸ் கிளப்பில், கையில் அகப்பட்ட நாப்கினில், 'பையனைச் சேர்த்துக்கொள்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார் கிளப்பின் கார்லஸ் ரெக்ஸாச்.

2001 பிப்ரவரியில் குடும்பமே ஸ்பெயினில் குடியேறியது. ஆனால், கொஞ்ச நாளிலேயே அம்மா மற்ற பிள்ளைகளோடு ரொசாரியோவுக்குத் திரும்பிவிட்டார். அப்பாவும் மகனும் இந்தக் கரையில், மற்றவர்கள் அட்லாண்டிக்கின் அந்தக் கரையில்! பழைய கிளப்போடு தகராறு வேறு இருந்ததால், முதல் வருஷம் பையனால் எல்லாப் போட்டிகளிலும் ஆடக்கூட முடியவில்லை. வாயே திறக்காத அவனை 'ஊமையோ?' என்றுகூட சக சிறுவர்கள் நினைத்தார்களாம்.

அதே 2001-ல் 'ஃபிஃபா' விதிகளை இறுக்கியது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நாடு விட்டு நாடு கொண்டுபோகத் தடை. பெற்றோர் கால்பந்துக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் விலக்கு உண்டு. காரணம் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் ஆசை காட்டி அழைத்துவரப்பட்டு, தேறாதபோது நடுத்தெருவில் விடப்பட்ட பிள்ளைகள் ஏராளம். அவர்கள் பெயரில் நாப்கின் ஏதும் ஏலத்துக்கு வரவில்லை!

2014-ல் இந்த விதியை மீறியதாகப் பார்சிலோனாவே மாட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டு முழுக்கப் புது வீரர்களைப் பதிவுசெய்யத் தடை. கிளப்புக்குக் கிடைத்தது அந்தத் தண்டனை. ஆனால், ஊரையும் உறவையும் விட்டு வந்திருந்த சில சிறுவர்கள், 18 வயது ஆகும்வரை போட்டிகளில் இறங்க முடியாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

விதி நியாயமானதுதான். ஆனால், இன்று ரொசாரியோவில் அப்படியொரு பொடியன் இருந்தால், அவனுடைய ஊசிக்கு யார் காசு கொடுப்பது? அந்தக் கேள்விக்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. பெற்றோர்தான் தேடவேண்டும்.