மலையகத்தின் பந்தாட்டக் கழகங்கள்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருந்து வளர்ந்த விளையாட்டுக் கழகங்களை இக்கட்டுரை விவரிக்கிறது. இவற்றுள் பழமையும் பெயரும் மிக்கவை இரண்டு. ஒன்று, ஹட்டனை அடுத்த தரவளையில் உள்ள டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகம். மற்றது, நானுஓயாவுக்கும் லிந்துலைக்கும் இடையே ரதல்லவில் மைதானம் கொண்ட டிம்புல கழகம். இரண்டின் பெயரிலும் கிரிக்கெட் இருக்கிறது. ஆனால் மழைக்காலம் வந்துவிட்டால் இரண்டும் றக்பிக் கழகங்களே. பதுளையில் ஊவா கழகமும், 1874இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகமும் இவற்றோடு மோதிவந்த மலைநாட்டு அணிகள். உதைபந்தாட்டக் கழகம் என்று சொல்லத்தக்க ஒன்று தேசிய மட்டத்தில் மலையகத்துக்குக் கிடைத்தது மிகப் பிந்தித்தான். அது நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ்.

தோற்றம்

தரவளைக் கழகம் 1868இல் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டில் மலையெங்கும் கோப்பிதான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் வணிக நோக்கில் தேயிலையை நட்டு ஓராண்டே ஆகியிருந்தது. மறு ஆண்டே கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் சரிந்தது. தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரில் பலர் கடனாளிகளாகக் கப்பலேறினர். கோப்பிக்காரர்கள் கட்டிய கழகம் கோப்பி போன பிறகும் நின்று, தேயிலைக்காரர்களின் கழகமாயிற்று.

கழகங்களை வளர்த்ததில் ரயிலுக்குப் பெரிய பங்குண்டு. 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய பாதை 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் வந்தது. அதற்கு முன் தோட்டத்துக்குத் தோட்டம் குதிரையிலோ நடந்தோதான் போகவேண்டும். பதினைந்து பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. ஒவ்வொரு தோட்டத்திலும் வெள்ளைக்காரர் இருவரோ மூவரோதான் இருந்தார்கள். ரயில் வந்தபின் கொழும்பு அணி மலையேறவும் மலை அணி கொழும்புக்கு இறங்கவும் வழி பிறந்தது.

கொழும்பில் 1879இல் தோன்றிய ‘ஃபுட்போல் கிளப்’ ஆடியது றக்பியே. அக்காலப் பதிவுகளில் வரும் ‘ஃபுட்போல்’ பெரும்பாலும் இதுதான். 1908 ஆகஸ்டில் இலங்கை றக்பி ஒன்றியம் உருவானது. மலைநாடு எதிர் தாழ்நிலம் என்ற போட்டி ஆண்டின் பெரிய நிகழ்வாக நிலைத்தது. பதில் ஆளுநராக இருந்த ஹியூ கிளிஃபர்ட்டின் குடும்பப் பெயரைத் தாங்கிய கிளிஃபர்ட் கிண்ணம் 1950இல் இருந்து கழகங்களுக்கு இடையிலான வெற்றிக் கிண்ணமானது. டிக்கோயாவும் டிம்புலவும் அதற்காகப் போராடின.

மைதானமும் மழையும்

மலையகத்தில் அரிதான பொருள் சமதரை. ஹட்டன் நகரமே கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயில் இருக்கிறது. சரிவில் எல்லாம் தேயிலை. மட்டமான துண்டு கிடைத்தால் அதில் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை எழும், அல்லது பங்களா. ஒரு முழு மைதானத்துக்கு இடம் ஒதுக்குவதென்றால் தேயிலை தந்திருக்கக்கூடிய வருமானத்தை விட்டுக்கொடுப்பதாகும். தோட்டக் கம்பனிகள் அதைச் செய்தது தங்கள் மேலாளர்களுக்காகத்தான். தரவளை, ரதல்ல மைதானங்களின் அழகைப் புகழாத பயணக் குறிப்பு கிடையாது. அந்த அழகின் விலையை எழுதியவர் குறைவு.

றக்பிப் பருவம் மே முதல் ஆகஸ்ட் வரை. அதுவே தென்மேற்குப் பருவமழைக் காலமும். டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் அந்த மாதங்களில் வெயிலைக் காண்பதே அபூர்வம். பந்து சோப்பைப் போல வழுக்கும், எதிர்ப்பக்கக் கம்பம் பனிமூட்டத்தில் மறைந்துபோகும். கொழும்பில் இருந்து வருபவர்களுக்குக் குளிரும் மூச்சுத்திணறலும் சேரும். ஓட்டத்தையும் கைமாற்றையும் நம்பிய தாழ்நில அணிகளுக்கு எதிராக மலை அணிகள் முன்வரிசைத் தள்ளலை நம்பியதில் வியப்பில்லை. கிரிக்கெட்டுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரையான உலர்காலம் இருந்தது. அதனால் ஒரே ஆள் இரண்டு ஆட்டத்திலும் இருப்பது சாதாரணம்.

அணியில் யார்

இக்கழகங்களின் அமைப்பைப் புரிந்துகொள்ளத் தோட்டத்தின் படிநிலை தெரிந்திருக்க வேண்டும். உச்சியில் பெரிய துரை. அவருக்குக் கீழே டிவிஷன்களைப் பார்க்கும் சின்ன துரைமார். சம்பளமின்றியோ சொற்பச் சம்பளத்திலோ தொழில் பழகும் ‘கிறீப்பர்’ என்ற இளைஞன் அவர்களுக்கும் கீழே. கழக உறுப்பினர் என்றால் இந்த மூவரும், சுற்றுவட்டாரத்து வெள்ளைக்கார மருத்துவர், பொறியியலாளர், வங்கிக்காரர் போன்றோரும்தான். கோடு அங்கே முடிந்தது. அதற்குக் கீழே இருந்த கிளார்க், கணக்கப்பிள்ளை, கங்காணி எவரும் உறுப்பினராக முடியாது. லயம் என்ற வரிசை வீட்டில் வாழ்ந்த தொழிலாளிக்குக் கழகத்துக்குள் நுழைய ஒரே வழி வேலைக்காரனாகப் போவது: புல் வெட்ட, கோடு போட, குதிரை பிடிக்க, சமையலறையில் நிற்க.

இந்தக் கோட்டை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு 1937இல் ஒரு சான்று கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் இருந்து கிறீப்பராக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் மடுல்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தொழிலாளரோடு நெருங்கிப் பழகினார், வேலை போயிற்று. பின்னர் நாவலப்பிட்டிக் கூட்டமொன்றில் துரைமாருக்கு எதிராகப் பேசினார். ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட, உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கழகங்கள் காத்துவந்த ஒழுங்கு எவ்வளவு இறுக்கமானது என்பதை இந்த வழக்கைப் போல எந்த உறுப்பினர் பட்டியலும் காட்டாது.

அணிகளுக்கும் படைக்கும் நெருங்கிய உறவும் இருந்தது. 1900இல் உருவான இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை வெள்ளைக்காரத் தொண்டர்களை மட்டும் கொண்டது. 1914 அக்டோபரில் அதில் இருந்து 200க்கும் மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பலேறினர். உடல்வலுவுள்ள இளைஞர்கள் என்பதால் பந்தாடியவர்களும் துப்பாக்கி தூக்கியவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்களாகவே இருந்தனர்.

சுதந்திரத்துக்குப் பின் அணியின் நிறம் மாறியது. ஆனால் வர்க்கம் மாறவில்லை. கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ் 1891இல் இருந்தே மாணவர்களுக்கு றக்பி பழக்கியிருந்தார். 1906இல் கிங்ஸ்வூட்டுக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் நடந்ததே நாட்டின் முதல் பாடசாலை றக்பிப் போட்டி. அத்தகைய கல்லூரிகளில் படித்த சிங்கள, பறங்கிய, தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் 1950களில் சின்ன துரைமாராக மலையேறத் தொடங்கினர். றக்பி ஆடத் தெரிந்தவனுக்குத் தோட்ட வேலை எளிதில் கிடைக்கும் என்று அந்நாளில் பேசிக்கொண்டார்கள். அணியில் தமிழர் இருந்தால் அவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவரோ கொழும்புத் தமிழரோதான். தென்னிந்தியாவில் இருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழர் அந்தக் கழகங்களின் வேலிக்கு வெளியேதான் நின்றார்கள்.

லயத்துப் பந்து

லயத்துப் பிள்ளைகளும் பந்தாடினார்கள். ஸ்டோர் முற்றம், கோயில் முன்றல், பள்ளிக்கூடத்துச் சிறு வெளி, கொந்தரப்புக்கு (ஒப்பந்த வேலைக்கு) விடுமுன் வெட்டவெளியாகக் கிடந்த தரை எல்லாம் மைதானமாயின. பந்து மலைச்சரிவில் உருண்டுபோனால் அதை எடுத்துவர ஒருவன் தேயிலைக்குள் இறங்கவேண்டும். ஆட்டத்தின் பாதி நேரம் அதிலேயே கழியும். டிவிஷனுக்கு டிவிஷன், தோட்டத்துக்குத் தோட்டம் என்று பொங்கலையும் திருவிழாவையும் ஒட்டிச் சுற்றுப்போட்டிகள் வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. கபடியும் கரப்பந்தும் இவற்றோடு சேரும். இந்த அணிகளைப் பற்றி அச்சில் எதுவும் இல்லை என்றே சொல்லலாம். துரைமார் கழகங்களின் வரலாறு கூட்டக் குறிப்புகளிலும் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளிலும் எஞ்சியிருக்க, இவர்களுடையது வாய்வழிச் செய்தியாகவே இருக்கிறது.

நேரமும் இடைஞ்சல். விடியற்காலையில் பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு எழுந்து மாலை வரை மலையில் நிற்பவனுக்கு ஞாயிறு மட்டுமே சொந்தம். பெண்களுக்கு அதுவும் இல்லை. கொழுந்தெடுப்போரில் பெரும்பான்மையினர் அவர்கள்தான்; மலைவேலை முடிந்தபின் விறகும் தண்ணீரும் சமையலும் காத்திருந்தன. மலையகப் பந்தாட்ட வரலாற்றில் பெண்களின் பெயர் இல்லாமல் போனதற்குக் காரணத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

இதற்குமேல் குடியுரிமைச் சிக்கல். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிக்கவும் தீர்மானமாயிற்று. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டன. ஒரு தோட்டத்து அணி வளர்ந்து கழகமாக வேண்டுமென்றால் அதே இளைஞர்கள் சில ஆண்டுகளாவது சேர்ந்து ஆடவேண்டும். அக்காலத்தில் லயத்துக்கு லயம் குடும்பங்கள் தலைமன்னார் கப்பலுக்குப் பயணம் கட்டிக்கொண்டிருந்தன. போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களிலேயே மறுபடி கொழுந்தெடுக்க நேர்ந்தது.

வேறிடங்களில்

தொழிலும் கழகமும் சேரும் விதம் எங்கும் ஒன்றல்ல. போலந்தின் சாப்செ நகரில் 1948இல் உருவான கூர்னிக் கழகத்தின் பெயருக்கே சுரங்கத் தொழிலாளி என்று பொருள். நிலக்கரிப் பிரதேசத்தின் கழகம் அது. சுரங்கத்தின் ஆதரவும் சுரங்கத்தாரின் கூட்டமும் அதைத் தாங்கின. போலந்து லீக்கில் 14 முறை வென்று, 1970இல் ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்று மான்செஸ்டர் சிட்டியிடம் 2–1 எனத் தோற்றது. அங்கே நிலத்துக்குள் இறங்கிய வர்க்கத்துக்குத் தன் பெயரில் ஒரு சட்டை கிடைத்தது. டிக்கோயாவிலோ நிலத்தை மேற்பார்த்த வர்க்கம் மட்டுமே சட்டை அணிந்தது.

தேயிலைக்குள்ளேயே வேறு உதாரணமும் உண்டு. கேரளத்தின் மூணாறில், தமிழ்த் தொழிலாளரே பெரும்பான்மையான கண்ணன் தேவன் தோட்டங்களில், 1940களில் ஃபின்லே கேடயத்துக்கான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி தொடங்கியது. எஸ்டேட் அணிகளில் தொழிலாளரும் ஊழியரும் ஆடுவார்கள். ஊரே வேடிக்கை பார்க்கும். மூணாறிலும் துரைமாருக்குத் தனிக் கழகம் இருந்தது. ஆனால் நிர்வாகம் தொழிலாளிக்கும் ஒரு கேடயத்தை வைத்தது. இலங்கை மலையகத்தில் அப்படி நீண்டகாலம் நிலைத்த ஒரு பொதுக் கேடயம் உருவாகவில்லை என்பதே இந்த வரலாற்றின் பெரிய குறை.

சரிவு

1950களின் பிற்பகுதியில் இருந்தே வெள்ளைத் துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பினர். 1972இன் நிலச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. மேலாளர் நியமனம் அரசியல் கையில் போயிற்று, இடமாற்றங்கள் பெருகின. பதினைந்து பேரைத் திரட்டும் பழைய சிரமம் திரும்பி வந்தது, இம்முறை ரயில் இருந்தும். றக்பியில் டிக்கோயாவும் டிம்புலவும் தேசிய மட்டத்தில் இருந்து மெல்ல நழுவின. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் திரும்பியபோதும் பழைய அணிகள் திரும்பவில்லை. மேலாளர் எண்ணிக்கை குறைந்திருந்தது, வேலைப்பளு கூடியிருந்தது.

இதே காலத்தில் கண்டி விளையாட்டுக் கழகம் நேர்மாறாக உயர்ந்தது. 1990களில் இருந்து நாட்டின் றக்பியை அது ஆண்டது என்றே சொல்லலாம். கண்டிக்குப் பின்னால் திரித்துவம், கிங்ஸ்வூட் போன்ற பாடசாலைகள் நின்றன. ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். டிக்கோயாவுக்குப் பின்னால் இருந்தது ஒரு சம்பளப் பட்டியல் மட்டும்தான். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அவற்றில் பலவற்றுக்கு இன்றும் ஒழுங்கான மைதானம் இல்லை.

நாவலப்பிட்டியும் பிறகும்

21ஆம் நூற்றாண்டில் மலையகப் பந்தாட்டத்தின் மையம் தோட்டத்தில் இருந்து நகரத்துக்கு இறங்கியது. நாவலப்பிட்டி ஜயதிலக்க மைதானத்தைத் தளமாகக் கொண்ட அப்கன்ட்ரி லயன்ஸ் 2010களின் முற்பகுதியில் தேசிய றக்பி லீக்கில் ஆடியது. அதே பெயரில் இயங்கும் உதைபந்தாட்ட அணி, 2021இல் பத்துக் கழகங்களோடு தொடங்கிய சுப்பர் லீக்கில் இடம்பெற்றது. ரயில்வே நகரமான நாவலப்பிட்டியில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்கிறார்கள். நகரக் கழகத்துக்கு அங்கே உறுப்பினர் கோடு எதுவும் தேவைப்படவில்லை.

தோட்டப் பகுதியிலும் பொது மைதானங்கள் சில உருவாகியுள்ளன. ஹட்டனில் டன்பார் மைதானமும் நோர்வூட்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரிலான மைதானமும் உள்ளூர் லீக் ஆட்டங்களைக் காண்கின்றன. நோர்வூட் மைதானத்தை வெளியுலகம் அறிந்தது வேறொரு காரணத்தால்: 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அங்கே மலையகத் தமிழரிடையே உரையாற்றினார். தரவளையும் ரதல்லவும் பச்சையாகவே இருக்கின்றன. கிரிக்கெட், தோட்டக் கம்பனிகளின் ஆட்டங்கள், பாடசாலைப் போட்டிகள் என்று அவற்றில் ஆட்டம் நடக்கிறது. 2021இன் சுப்பர் லீக் பட்டியலில் நுவரெலியா மாவட்டத்தில் இருந்து ஒரு கழகமும் இல்லை. மலைநாட்டின் ஒரே பிரதிநிதியான நாவலப்பிட்டியே நிர்வாக எல்லைப்படி கண்டி மாவட்டத்தைச் சேர்ந்தது.